ஆறு தலைக்கு ஒரு பட்டை

மண்டைக்குள் படிப்பை இறக்குகிற பட்டை வந்த பிறகு, என்னைப் போன்ற கம்ப்யூட்டர் டீச்சர்களுக்கு என்ன வேலை மிச்சம் தெரியுமா? பட்டைக்குச் சார்ஜ் போடுவது, துடைத்து உறையில் வைப்பது, "தலையில மாட்டிக்கிட்டு நல்லாத் தூங்குங்கம்மா" என்று சொல்வது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வயிற்றெரிச்சலில் பட்டையைக் குறை சொல்லக் கூடாது. அது சொன்னதைச் செய்யும்.

நன்றாகக் கம்ப்யூட்டர் தெரிந்த யாரோ ஒருவருடைய பழக்கத்தை அதில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நெற்றியைச் சுற்றி மாட்டிக்கொண்டு உறங்கினால், அந்தப் பழக்கம் நம் தலைக்குள் இறங்கிவிடும். ஓர் உறக்கத்துக்கு ஒரு பாடம். முதலில் விரல் பழக்கம், அப்புறம் கோப்பு, அட்டவணை, கடிதம், பிழை பிடிப்பது. ஆறாவதாக, இதையெல்லாம் சேர்த்து ஓட்டுகிற சாமர்த்தியம். இறங்கிய பாடம் பட்டையிலிருந்து அழிந்துபோகும். ஆறும் இறங்கிவிட்டால் பட்டையைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

எங்கள் அறக்கட்டளை ஊருக்கு ஒரு பட்டை என்று கொடுத்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற வடக்குப்பாத்தி என் பொறுப்பு. உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள் விடிவதற்கு முன் பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரை ஏறி, மத்தியானம் தூங்குகிறவர்கள். பட்டைக்கு அந்த மத்தியானத் தூக்கம் தோதாக இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றாக உப்பு வாருகிற ஆறு பெண்களில் ஐந்து பேர், ஒரே குரலில் ஆறாவதான சந்தனமாரியின் பெயரைச் சொன்னார்கள்.

"அவ கண்ணு கெட்டுக்கிட்டு வருது டீச்சர்" என்றாள் அவர்களில் மூத்தவளான உச்சிமாகாளி. "உப்பு வெள்ளையில வெயில் பட்டு அடிக்கில்லா, அது ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ மொதல்ல கரை ஏறட்டும்."

துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனி, கப்பல் சரக்குப் பதிவுகளைத் திருத்த ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. பட்டைப் படிப்பு முடித்து, அவர்கள் வைக்கிற பரீட்சையில் தேறினால் வேலை. நிழல், மின்விசிறி, நாற்காலி. சந்தனமாரிக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பத்தாவது வரை படித்தவள். வாய் நிறையச் சிரிக்கிற பெண். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது.

பாடம் முடிந்திருக்க வேண்டிய சனிக்கிழமை நான் சமுதாயக்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் சந்தனமாரியை உட்காரவைத்து ஒரு பத்தியை வாசித்தேன். ஆத்தாடி! விரலா அது! நான் வாசித்து முடிப்பதற்குள் அடித்து முடித்துவிட்டாள், ஒரு பிழை கிடையாது. எனக்கு வாயெல்லாம் பல்.

"சரி, இத அப்படியே அட்டவணையில போடு."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அது பேச்சித்தாய்க்குத் தெரியும் டீச்சர்."

"என்னது?"

"அட்டவணை பேச்சித்தாய்க்கு. கடிதாசி பூரணக்கனிக்கு. தப்புப் பிடிக்கது உச்சிமாகாளி அக்காவுக்கு. எனக்கு இதுதான்."

வாசலில் மற்றவர்களோடு நின்ற உச்சிமாகாளியைக் கூப்பிட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"முறை வச்சு மாட்டுனோம் டீச்சர். ஆறு தூக்கம்னு சொன்னீய. எண்ணிப் பாத்தோம், நாங்களும் ஆறு பேரு. சரியா இருந்திச்சு."

"உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா அக்கா? ஒரு ஆளுக்கு ஆறு தூக்கம்னுல்லா சொன்னேன்!"

"கோவப்படாதீய. கறுப்புக் கண்ணாடி ஒண்ணு முன்னால ஒருத்தர் தந்தாரு. ஒரு நாளைக்கு ஒருத்தின்னு முறை வச்சுத்தான் போட்டோம். பாத்தியில ஒருத்தி மட்டும் வாரி முடிச்சிட்டுக் கரை ஏற மாட்டா, ஏறுனா எல்லாரும்தான். இதையும் அப்படித்தான் நெனச்சோம். போட்டவளுக்கெல்லாம் முழுசா வரும்னு நெனச்சோம்."

நான் கத்திய கத்தில் கூடத்துக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடிப்போனது. கண்ணாடியைக் கழற்றினால் கழன்றுவிடும், இது கழலாது. தலைக்குள் போனது போனதுதான். ஒரு பாடம் இறங்கிய தலையில் இன்னொரு பட்டை ஒட்டவே ஒட்டாது. ஆறு பேரும் ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒருத்திக்கும் வேலை கிடைக்காது, ஒருத்திக்கும் இனிமேல் பட்டையும் கிடைக்காது. அதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நானே அழுதுவிட்டேன். என் கோபம் எப்போதுமே இப்படித்தான் முடியும்.

அவர்கள் ஐந்து பேரும் சந்தனமாரியைத்தான் பார்த்தார்கள். தங்களுக்குப் பட்டை போனதைப் பற்றி ஒருத்தி வாய் திறக்கவில்லை.

"அப்ப இவ கண்ணு?" என்றாள் உச்சிமாகாளி.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பட்டை இல்லாமல் அந்தக் காலத்து மாதிரி சொல்லித்தந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான், பொய் சொல்வானேன். தூக்கத்தை விட்டுவிட்டு ஐந்து பேரும் வந்தார்கள். அவரவருக்கு இறங்கிய பாடத்தை அவரவர் சந்தனமாரிக்குச் சொல்லித்தர வேண்டும். அங்கேதான் வந்தது வினை. பேச்சித்தாய் அட்டவணையை மின்னல் மாதிரிப் போட்டாள். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் திருதிருவென்று விழித்தாள்.

"கைக்குத் தெரியுது டீச்சர், வாய்க்கு வரலியே!"

பட்டைப் படிப்பு அப்படித்தான். செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. அதனால் சந்தனமாரியின் கைமேல் பேச்சித்தாய் தன் கையை வைத்துக்கொண்டாள். ஒரு கை இழுக்க இன்னொரு கை கூடவே போனது. ஒருத்தி முடித்தால் அடுத்தவள் வந்து கையைப் பிடித்தாள். சிரிப்பும் திட்டுமாகக் கூடம் கலகலத்தது. "ஏ மூதி, எங்கிட்டு இழுக்க?" என்று உச்சிமாகாளி அதட்டுவாள். சந்தனமாரி மட்டும் திரையைப் பார்க்காமல், பேசுகிறவள் பக்கமே முகத்தை வைத்திருப்பாள். திரையைப் பார் என்று நான் அதட்டினால் பார்ப்பாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி முகம் திரும்பிவிடும். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கூடத்தில் சந்தனமாரி மட்டும் தனியாக இருந்தாள். முந்தின நாள் பேச்சித்தாய் சொல்லித்தந்ததைப் பழகிக்கொண்டிருந்தாள். உதடு முணுமுணுக்க, விரல் பறந்துகொண்டிருந்தது. யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகத் திரையின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

திரை இருட்டாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன். "சந்தனமாரி, சரியா வருதா?"

"வருது டீச்சர். பாருங்களேன்" என்று சிரித்தாள்.

"திரையில ஒண்ணுமே இல்லட்டி. கரண்டே இல்ல அதுல."

விரல் நின்றுவிட்டது. அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது, எப்படி இறக்கிவைப்பது என்று தெரியாததுபோல. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து?"

"போன மழைக்கு முன்னாலயே எழுத்து போயிட்டு. ஆளு தெரியும், முகம் தெரியாது. வரப்பு மட்டும் தனியாத் தெரியும், அத வச்சு நடந்துருவேன்."

"வெயில் ஆகாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"வெயில் ஆகாதுன்னும் சொன்னாரு, போனது திரும்பாதுன்னும் சொன்னாரு. பாதிய மட்டும்தான் இவளுவகிட்ட சொன்னேன்."

"பெறகு எதுக்குட்டி பட்டைய வாங்குன?"

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண் மட்டும் என் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது. "வேண்டாம்னா அடுத்த ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவீயல்லா? கண்ணு தெரியாதவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேப்பீய. எங்க ஊருக்குன்னு வந்தது ஒண்ணே ஒண்ணு. அதான் நான் மொத முறைய எடுத்துக்கிட்டு, முறை வைப்போம்னு நாந்தான் சொன்னேன். அஞ்சு பேருல ஒருத்தியாவது கரை ஏறிருவான்னு பாத்தேன். இப்படித் துண்டு துண்டாப் போகும்னு தெரியாது டீச்சர். அவளுவ பட்டையையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. கண் போனதைச் சொல்லும்போது உடையவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, எவர் மேலும் இல்லை. சும்மா, மொத்தமாக.

"கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு நான் கேப்பேன்னு உனக்கு யாருட்டி சொன்னா? திரையில இருக்கத அப்படியே வாசிச்சுச் சொல்லுத குரல் இருக்கு. காதுல மாட்டிக்கிட்டா போதும். கண்ணே தெரியாத எத்தனையோ பேரு அத வச்சு வேலை பாக்காவ. அவங்களுக்கு மொதல்ல என்ன வேணும் தெரியுமா? விரல் பழக்கம். பாக்காம அடிக்கத் தெரியணும். உனக்கு இறங்கியிருக்கது அதுதான்!"

"கண்ணு இல்லாமலா?"

"கண்ணு இல்லாமத்தான்."

"நெசமாவா டீச்சர்?"

"நான் என்ன உன்கிட்ட விளையாடுதேனா?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் சேர்த்துவைத்திருந்த அழுகை, சீக்கிரம் நிற்கிற மாதிரி இல்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். சொல்லாமல் எப்படி? ஐந்து பேரும் வந்ததும் நானே சொல்லிவிட்டேன். உச்சிமாகாளி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வரப்புல என் தோளப் புடிச்சுக்கிட்டேதான் வருவா" என்றாள். "பாசத்துல புடிக்கான்னு நெனச்சேன். பாவி மட்ட, அதுக்காட்டி புடிச்ச?"

"பாசத்துலயும்தான்க்கா" என்றாள் சந்தனமாரி.

அன்றிலிருந்து கையைப் பிடிப்பது நின்றது. காதில் சொல்ல வேண்டும். கைக்குத் தெரிந்ததை ஒவ்வொருத்தியும் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். பேச்சித்தாய் தன் கையையே உற்று உற்றுப் பார்த்து, நாலைந்து நாளில் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். "அட்டவணைன்னா நம்ம பாத்திதாம்ட்டி. குறுக்க வரப்பு, நெடுக்க வரப்பு. இப்ப நீ மூணாவது பாத்தியில நிக்க. கீழ ஒரு பாத்தி இறங்கு. என்ன இருக்குன்னு கேளு." காதுக்குள் குரல் படிக்கும். சந்தனமாரி தலையை ஆட்டிக்கொள்வாள். பூரணக்கனிக்குக் கோர்வையாகப் பேச வராது; கடிதம் எழுதுவதைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னாள். இரண்டு பேருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

நான் பாடம் நடத்திய காலத்தில்கூட இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

பரீட்சை நடத்த வந்தவன் பெயர் இளம்பரிதி. சென்னைப் பையன், கம்பெனி ஆள். பட்டையிலேயே படித்து முடித்து வேலைக்கு வந்தவன். நான் முன்கூட்டியே கம்பெனிக்குக் கண் விஷயத்தைத் தெரிவித்துச் சலுகை கேட்டிருந்தேன். 'விதிமுறைப்படி நடத்தப்படும்' என்று ஒரு வரி வந்திருந்தது. விதி என்ன என்பது அவன் கருவியை மாட்டிய பிறகுதான் தெரிந்தது. கேமரா முதலில் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு பரீட்சை முடியும்வரை கண்ணைப் பார்க்கும். யாரும் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. கண் திரையைவிட்டு விலகினால் பரீட்சை ரத்து.

வாசித்துச் சொல்கிற குரலைக் காதில் மாட்டிக்கொண்டு சந்தனமாரி உட்கார்ந்தாள். இரண்டு வரி அடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தொடங்கினான், மறுபடி சிவப்பு.

"சாரிம்மா" என்றான். நிஜமாகவே அவனுக்கு வருத்தம்தான். "இன்னும் ஒரு தடவைதான் முயற்சி பண்ண முடியும். அதுலயும் இப்படி ஆச்சுன்னா பேரை நீக்கிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அது எங் கண்ணத்தான தேடுது தம்பி?" என்றாள் சந்தனமாரி. "நானும்தான் தேடுதேன். கெடச்சா ரெண்டு பேருக்கும் நல்லது."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. நான் சண்டைக்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஆனால் அவன் எழுந்து போகவில்லை. வெளியே வராந்தாவைப் பார்த்தான். அங்கே பேச்சித்தாய், காதில் விழும் என்ற நினைப்பேயில்லாமல், "மூணாவது வரப்பத் தாண்டிட்டா பயப்படாண்டாம்" என்று சாமியைப் பார்த்துச் சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க யாரு?"

"இவளுக்குச் சொல்லித்தந்தவளுவ" என்றேன்.

"பட்டை இல்லாமலா?"

"பட்டையில இவளுக்கு விரல் மட்டும்தான். மத்ததெல்லாம் அவளுவ வாயால சொன்னது. ஒரு மாசமா ஒருத்தியும் மத்தியானம் தூங்கல."

"எனக்கு ஒருத்தரும் எதையும் உக்கார்ந்து சொல்லித்தந்ததில்ல மேடம்" என்றான். "ஹாஸ்டல்ல படுத்துத் தூங்கினேன், எழுந்தா எல்லாம் தெரிஞ்சுது. வேலை கிடைச்ச அன்னிக்கு யாருக்கு நன்றி சொல்றதுன்னு யோசிச்சேன். ஒருத்தர் பேரும் ஞாபகத்துக்கு வரல."

அப்புறம் அவன் செய்தது விதிக்கு விரோதம். தெரிந்துதான் செய்தான். சந்தனமாரியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். கேமரா அவள் முகத்தைப் பார்த்து முடித்ததும், அதைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிவைத்தான். "இதுக்கு ரெண்டு கண்ணு வேணும். யாரோடதுன்னு அதுக்குக் கவலை இல்ல. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நீங்க கேட்டுக்கிட்டே செய்யுங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அவள் ஓரிடத்தில் தடுமாறி நின்றபோது, அவனுக்கு நாக்கு நுனிவரை வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இமைக்காமல் பார்த்ததாலோ என்னவோ, எனக்குத் தெரியாது. சந்தனமாரி முணுமுணுத்துக்கொண்டே பாத்தி பாத்தியாக இறங்கினாள், ஏறினாள். ஒரு கப்பலின் சரக்குப் பதிவில் மறைத்து வைத்திருந்த பிழைகளில் பாதிக்குமேல் பிடித்துவிட்டாள். வேகம் போதாது, இருந்தாலும் விரல் அவளைக் காப்பாற்றியது. விளக்கு கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

"தேறிட்டீங்க. தட்டுத் தடுமாறித்தான். ஆனா தேறிட்டீங்க" என்றான் இளம்பரிதி.

வராந்தாவில் ஒரே கூச்சல். உச்சிமாகாளி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "இனிமே பாத்திப் பக்கம் உன் காலப் பாத்தேன், ஒடிச்சுருவேன்" என்று அழுதாள். எனக்கு மூக்கு ஒழுகியது, புடவைத் தலைப்பாலேயே துடைத்துக்கொண்டேன். யார் பார்த்தால் என்ன?

சந்தனமாரி மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இவளுவளுக்கு?"

"அவங்களுக்கு இன்னொரு பட்டை ஒட்டாதேம்மா."

"பட்டை இல்லாம கத்துக்கிட்டு வந்து பரீட்சை எழுதுனா?"

இளம்பரிதி தலையைச் சொறிந்தான். "அப்படி யாரும் வந்ததே இல்ல. கூடாதுன்னும் எங்கேயும் போடல. ஆனா யாரு சொல்லித்தருவா? பட்டைக்காரங்களால சொல்லித்தர முடியாது. என்னையே எடுத்துக்கங்க, செய்வேன், சொல்ல வராது. ஆறு பாடத்தையும் வாயால சொல்லத் தெரிஞ்ச ஆளு வேணுமே."

கேட்டுவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். நாங்கள் எல்லோரும் சந்தனமாரியைப் பார்த்தோம். பேச்சித்தாய்க்கு அட்டவணை தெரியும், கடிதம் தெரியாது. பூரணக்கனிக்குக் கடிதம் தெரியும், அட்டவணை தெரியாது. ஆறையும் காதால் கேட்டு, ஆறையும் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியவள் அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். நாங்கள் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் சட்டென்று கூடம் அமைதியானது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து மத்தியானம் ஒருத்தியும் தூங்கப்படாது" என்றாள்.